பானை வைத்த பேர்

“…படிப்பாளி இல்லன்னு நான் சொல்லல சார். சுவீடன் பாஷையே பேசுவாரு. ஆனா இந்தச் சாமானுக்குப் பேரு வெச்சது இவரு இல்ல. பானை,” என்று மேரி அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்ன இடம் மெட்ராஸில், வெளிநாடு போகும் பார்சல்களைப் பிரித்துப் பார்க்கிற கஸ்டம்ஸ் ஆபீஸ். கேட்டுக்கொண்டிருந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆபீசர். அந்தப் படிப்பாளி, மேசைக்கு இந்தப் பக்கம், நாற்காலி இருந்தும் உட்காரத் தைரியம் வராமல் நின்றுகொண்டிருந்த நான்.

“பானையா?” என்றார் ஆபீசர்.

“ஆமா சார். மோர்ப் பானை.”

மனுஷனுக்குத் தெரியாத ஒன்றைத் ‘தெரியாதுங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு விடுகிற நேரம். அந்த ஒரு மூச்சை மிச்சம் பிடிக்கப் போய் நான் பட்ட பாட்டையும், என்னை நம்பி வந்த பாவத்துக்கு மேரி அக்கா பட்ட பாட்டையும்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு வயது இருபத்து மூன்று. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். மொத்தம் ஐந்து மெஷின். இரண்டு அடிக்கும். ஒன்று அடிக்கிற மாதிரி சத்தம் மட்டும் போடும். மிச்சம் இரண்டும் சேர வருகிறவர்கள் பார்த்து நம்புவதற்கு. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். அதற்கு மேற்பட்ட இங்கிலீஷ் எல்லாம் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் படித்தது. (அதனால் எந்தச் செய்தியும் எனக்கு முழுசாகத் தெரியாது. கொலை நடந்தது தெரியும். கொலைகாரன் யார் என்பது வேறு யார் வூட்டுத் துவரம்பருப்போடோ போயிருக்கும்.) ஆனாலும் ஊரில் யாருக்கு இங்கிலீஷில் ஒரு தபால் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்துச் சொல்வேன். பவர் இல்லாத கண்ணாடி அது.

அந்த வருஷம் சுற்றுப்பட்டு கிராமங்களில் குடிதண்ணீருக்கு போர் போட்டு அடிபம்பு வைக்கும் திட்டம் வந்தது. கூடவே சுவீடனிலிருந்து ஓர் என்ஜினீயரும் வந்தார். நில்சன் என்று பேர். நல்ல உயரம். யூனியன் ஆபீஸ் நிலைப்படிக்கும் அவர் நெற்றிக்கும் தீராத பகை. “இந்த ஆளு குனிஞ்சி ஒரு பார்வ பாத்தாப் போதும்டி, தண்ணி பயந்துகினு தானா மேல வந்துடும்,” என்று பம்படியில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவருடைய இங்கிலீஷை ஜனங்களுக்குத் தமிழில் சொல்ல, மூன்று வாரத்துக்கு என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த மூன்று வாரத்தில் அவரிடமிருந்து நான் சுவீடிஷில் மூன்று வார்த்தை கற்றுக்கொண்டேன். தண்ணீர், காப்பி, நன்றி. வாரத்துக்கு ஒரு வார்த்தை. ஆனால் ஜீப்பை விட்டு இறங்கி ஊருக்குள் வந்ததும், “சுவீடன் பாஷை சுமாரா வரும்” என்று சொல்லிவிட்டேன். எவராலும் சோதித்துப் பார்க்க முடியாத படிப்பு ஒன்று கையில் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? டீக்கடையில் டீ வாங்கிக்கொண்டு சுவீடிஷில் நன்றி சொல்வேன். கடைக்காரர், “இன்னா, சக்கர பத்தலியா?” என்பார்.

இனி மேரி அக்கா. யூனியன் ஆபீசில் டிரேசர் வேலை. ஊர்களின் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் மையில் பிரதி எடுப்பது. அக்காவுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மானாம்பதிப் பக்கத்துக் காலனிக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர்கள் தெருவிலேயே ஓர் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அக்காதான். அந்த நாற்காலியும் நாலு வருஷமாக ‘தற்காலிகம்’ என்ற கயிற்றில் கட்டியே கிடந்தது. அக்கா அலட்டிக்கொள்ள மாட்டார். “நாக்காலி ஆடுனா இன்னா தம்பி, கோடு ஆடாம இருந்தா சரி,” என்பார்.

நில்சன் ஒருநாள் அக்கா வரைவதை முதுகுக்குப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் நீலத்துணி வைத்த ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே பித்தளையில் நாலு பட்டைகள், ஒன்றோடொன்று திருகாணியில் மாட்டியிருந்தன. மடித்தால் ஒரு கட்டு ஸ்கேல் மாதிரி இருக்கும், விரித்தால் கட்டம் கட்டமாகத் திறந்துகொள்ளும். ஒரு முனையை மேசையில் ஊன்றி, நடுவில் இருக்கும் ஊசியைச் சின்னப் படத்தின் கோட்டின்மேல் நகர்த்தினால், மறுமுனையில் இருக்கும் பென்சில் அதே படத்தைப் பெரிசாகப் போட்டுக்கொண்டு வரும். அவருடைய அப்பா வைத்திருந்த கருவியாம். அக்கா அதை வைத்து இருபது ஊர் மேப்பை இரண்டு மடங்காக்கிக் கொடுத்தார்.

நில்சன் அதன் பேரை என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஏரிக்கரையில் ஜீப் நின்றபோது தண்ணீரில் நின்ற ஒரு நாரையைக் காட்டினார். அப்புறம் பெட்டியைக் காட்டினார். இரண்டு கையையும் சேர்த்து அலகு மாதிரி திறந்து மூடி, “ஸ்டோர்க்நெப்” என்றார். நாரையின் அலகு. அவர்கள் ஊரில் அந்தக் கருவிக்கு அதுதான் பேர். நான்காவது வார்த்தையும் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், அதற்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மொத்தம் மூன்று மாதம் இருந்துவிட்டு நில்சன் ஊருக்குப் போனார். பெட்டி அக்காவின் பீரோவிலேயே தங்கிவிட்டது. அவர் மறந்துவிட்டார். திருப்பி அனுப்ப அக்காவிடம் விலாசம் இல்லை. துணியில் சுற்றி, பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றோடு போட்டுக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து நில்சனிடமிருந்து யூனியன் ஆபீஸின் பெரிய அதிகாரி பி.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். ‘என் அப்பாவின்’ என்று எழுதி, அப்புறம் அந்த சுவீடிஷ் வார்த்தையை எழுதி (நடுவில் ஓர் எழுத்தின் தலைமேல் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இரண்டு புள்ளி), ‘இதற்கு இங்கிலீஷ் பேர் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும், அந்தப் பெண்ணிடம் பத்திரமாக இருக்கும், தயவுசெய்து அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தார்.

மரியாதையான அந்தக் கடிதம் ஆபீசில் நாலு மேசை தாண்டி அக்காவின் மேசைக்கு வருவதற்குள் மெமோவாக மாறிவிட்டது. பதினைந்து நாளுக்குள் மேற்படி பொருளை அனுப்பி ரசீதைச் சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் விளக்கம் தர வேண்டும். வராந்தாவில், “வெள்ளக்காரன் பொட்டிய அமுக்கிக்கினாங்களாமே” என்று பேச்சு எழுந்தது. அதே வாரம்தான் அக்காவை நிரந்தரமாக்கும் ஃபைல் பி.டி.ஓ. மேசைக்கு வந்திருந்தது. ஒரே மேசை. இந்த ஓரத்தில் மெமோ, அந்த ஓரத்தில் ஃபைல்.

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபாலாபீசுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தார். மூன்றாவதாக என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். கெடு முடிய இரண்டே நாள்.

“தம்பி, உள்ள இன்னா கீதுன்னு இங்கிலீஷ்ல எழுதணுமாம். படம் போடற சாமான்னு எழுதுனேன். அப்டிப் பொதுவா எழுதக்கூடாதாம், அதுக்குன்னு இருக்கற பேரத்தான் எழுதணுமாம். ஆபீஸ்ல யாருக்கும் தெரில. உனக்கு அவரு பாஷ தெரியும்னு சொன்னாங்க. எம்பேரு கெட்டுப்போற மாதிரி கீது தம்பி.”

இங்கேதான் அந்த ஒரு மூச்சு வருகிறது. ‘தெரியாதுக்கா. காஞ்சிபுரம் போய் சர்வே ஆபீசில் கேட்டுப் பார்ப்போம்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பஸ். நானோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“வாங்கக்கா,” என்றேன்.

தபாலாபீசில் போஸ்ட் மாஸ்டர், தபால்காரர் முனுசாமி, மருந்து பார்சல் வாங்க வந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர், இன்லேண்ட் லெட்டர் வாங்க வந்த கிரில் பட்டறை மஸ்தான் பாய், இத்தனை பேரும் இருந்தார்கள். கூட்டம் என்று தெரிந்ததும் எனக்குக் குரல் தானாக உயர்ந்தது. சுவீடிஷ் வார்த்தையை நில்சன் சொன்ன மாதிரியே கையைத் திறந்து மூடிச் சொல்லி, “இங்கிலீஷில் இதற்கு ஸ்டோர்க்ஸ் பீக் என்று பேர்” என்றேன்.

“அப்டின்னா?”

“நாரையோட மூக்கு.”

போஸ்ட் மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். “பக்கத்துல வேடந்தாங்கல வெச்சிக்கினு, நாரை மூக்கு ஒண்ணுன்னு எழுதி நான் வெளிநாட்டுக்கு அனுப்பறதா? ஃபாரஸ்ட்டு ஆளுங்க வந்து என் மூக்கத்தான் அறுப்பாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் பறவைகளைக் காப்பாற்றுகிற ஊர்கள் உண்டு. வேறு பேர் வேண்டும் என்றார். என்னிடம் வேறு பேர் இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதற்குள் பெட்டியைத் திறந்து எல்லோரும் பார்த்தாயிற்று. கம்பவுண்டர் அதை விரித்துத் தன் முழங்கையோடு வைத்துப் பார்த்து, “எலும்பு நேர் பண்றது சார். போன் அட்ஜஸ்டர்,” என்றார். போஸ்ட் மாஸ்டர் அதை மடித்துப் பார்த்து, மடக்கு ஸ்கேல், ஃபோல்டிங் ஸ்கேல் என்றார். மஸ்தான் பாய் சிரித்தே விட்டார். “இன்னா நைனா, கண்ணு முன்னால கீது, தெரியலையா? இழுத்தா விரியுது, தள்ளுனா மடங்குது. நான் வாரத்துக்கு ரெண்டு செய்றேன். கொலாப்சிபிள் கேட்டு. இது சின்ன சைஸு, அவ்ளோதான்.”

“பாய், இது படத்தப் பெருசு பண்றது,” என்றார் மேரி அக்கா.

“கேட்டுலயும் பெருசு சின்னது கீதும்மா.”

அரைமணி நேரம் சண்டை. ஒருவர் சொன்னதை ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்த நாள்களை எல்லாம் கணக்கெடுத்தால், வராத நாள்களில்தான் நான் முன்னேறியிருக்கிறேன்.)

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, கலக்கி, ஒன்றை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர். பெருமாள் கோயில் சுவரில் கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து எவன் வந்தாலும் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டாமல் விடமாட்டோம். நில்சனுக்கும் நான்தான் காட்டினேன்.

“எதுக்கு சண்டை? நம்ம ஊரு வழக்கம் ஒண்ணு இருக்குல்ல? குடவோலை போட்டுடலாம்,” என்றேன்.

எல்லோர் முகமும் மலர்ந்தது. போஸ்ட் மாஸ்டர் கவுண்ட்டரை விட்டு வெளியே வந்தார். குடத்துக்கு எங்கே போவது? வாசலில் மோர் விற்கும் அம்மாள் அப்போதுதான் பானையைக் காலி செய்து கவிழ்த்திருந்தார். அதை வாங்கினோம். கம்பவுண்டர் மருந்துச் சீட்டில் எழுதினார். போஸ்ட் மாஸ்டர் பழைய மணியார்டர் ஃபாரத்தைக் கிழித்து எழுதினார். நான் நல்ல வெள்ளைத்தாளில், கடைசி நேரத்தில் என் மூளை தயாரித்துக் கொடுத்த ‘ஜியாமெட்ரிகல் ஸ்டோர்க்’ என்ற பேரை எழுதினேன். பாய் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதிப் போட்டார்.

மேரி அக்காவிடம் யாரும் சீட்டு நீட்டவில்லை. அந்தக் கருவியைக் கையில் பிடித்து வேலை செய்த ஒரே ஆள் அவர்தான். பேர் தெரியாவிட்டாலும், எது பேர் இல்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கல்வெட்டில் கூட, தேர்ந்தெடுக்கப்படுகிறவர் காரியம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

முனுசாமி கண்ணை மூடிக்கொண்டு பானைக்குள் கைவிட்டார். உள்ளே மோர் ஈரம். எங்கள் மூன்று பேர் சீட்டும் பானையின் சுவரில் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டன. அட்டை மட்டும்தான் ஒட்டாமல் அடியில் புரண்டுகொண்டிருந்தது.

“கொலாப்சிபிள் கேட்டு!” என்று படித்தார் முனுசாமி.

பாய் எல்லோருக்கும் கைகொடுத்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, இது கேட்டு இல்ல தம்பி.”

“அக்கா, பானை சொல்லிடுச்சு,” என்றேன் நான். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

போஸ்ட் மாஸ்டர் மிச்ச விவரம் கேட்டார். என்ன உலோகம்? பித்தளை. புதுசா, பழசா? பழசு. எத்தனை? ஒன்று. நான் ஓடிப்போய் அடிக்கிற மெஷினாகப் பார்த்து அழகாக அடித்துக்கொண்டு வந்தேன். ‘கொலாப்சிபிள் கேட், பித்தளை, பழையது, ஒன்று.’ அனுப்புபவர் என்ற இடத்தில் அக்காவின் பேர். ஊர், உத்திரமேரூர்.

ரசீது கிடைத்தது. அக்கா அதை ஆபீசில் கொடுத்தார். மெமோ முடிந்தது. பத்து நாள் நிம்மதியாகப் போனது. எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. டீக்கடையில் சுவீடிஷ் இன்னும் கொஞ்சம் சத்தமாக வந்தது.

பதினோராம் நாள் மெட்ராஸ் கஸ்டம்ஸிலிருந்து நோட்டீஸ் வந்தது, பி.டி.ஓ.வுக்கு ஒரு நகலோடு. கோயில் ஊரிலிருந்து பழைய பித்தளைக் கேட் ஒன்று வெளிநாட்டுக்குப் போவதாக அறிகிறோம், பார்சலை நிறுத்தி வைத்திருக்கிறோம், அந்தக் கேட் எந்தக் கட்டிடத்தைச் சேர்ந்தது என்று அனுப்பியவர் நேரில் வந்து விளக்க வேண்டும்.

சிலை கடத்தல் என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம். மத்தியானத்துக்குள் ஊர் பூரா தெரிந்துவிட்டது. கோயில்களில் ஆள் விட்டுக் கதவை எண்ணிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஓர் இடத்தில் ஒரு கதவு கூடுதலாக இருந்ததாகக் கேள்வி.

பி.டி.ஓ. அக்காவைக் கூப்பிட்டார். “போய் முடிச்சிட்டு வாம்மா. முடிஞ்சா வா,” என்றார். அந்த ‘முடிஞ்சா’வில் நாலு வருஷம் இருந்தது.

அக்கா என்னிடம் வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நாளைக்கு மொத பஸ்ஸு தம்பி. நீயும் வரணும்,” என்றார், அவ்வளவுதான். செங்கல்பட்டு வரை பையை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, நான் சொல்லப்போகும் இங்கிலீஷ் விளக்கத்தை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் தாண்டியதும் அக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பாதியை என் மடியில் வைத்தார். புளிச்சோறு. “துன்னு. அங்க போயி மயக்கம் போட்டு வுழுந்தின்னா, அதுக்கு ஒரு பேரு வெக்கணும்.”

அந்த ஆபீசில் எங்களை உட்காரச் சொன்னார்கள். அக்கா உட்கார்ந்தார். ஆபீசர் பார்சலைப் பிரித்தார். கோயில் கதவை எதிர்பார்த்துக் கூடவே நின்ற குமாஸ்தா, ஒன்றரை முழம் பெட்டியைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் மிச்சம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

“இதுக்குக் கேட்டுன்னு எழுதினது யாரு?”

நான் ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் முழுக்க செங்கல்பட்டிலேயே இறங்கிவிட்டிருந்தது. அப்போதுதான் அக்கா, படிப்பாளி என்றும், பானை என்றும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மருந்துச் சீட்டு, சிகரெட் அட்டை, மோர் ஈரம் எல்லாவற்றையும். என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிச் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளை செய்த கூத்தை விருந்தாளியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். ஆபீசர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குமாஸ்தா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

“சரிம்மா. கேட்டு இல்ல, ஒத்துக்கறேன். அப்ப இது என்ன? பேர் தெரியாம நான் எப்படி விடறது?”

நான் வாயைத் திறந்தேன். “சார், சுவீடிஷ் மொழியில…”

“நீ இரு தம்பி,” என்றார் அக்கா. “பேரு எனக்குத் தெரியாது சார். வேல தெரியும். செஞ்சி காட்டட்டுமா?”

ஆபீசர் தலையாட்டினார். அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். கருவியை எடுத்து ஒரு முனையை மேசைமேல் கிடந்த ஓர் அட்டையில் ஊன்றினார். பெரிசாக்க ஏதாவது வேண்டுமே என்று சுற்றிப் பார்த்து, எங்களுக்கு வந்த நோட்டீசையே எடுத்து அதன் அடியில் இருந்த ஆபீசரின் கையெழுத்தின்மேல் ஊசியை வைத்தார். பித்தளைப் பட்டைகள் மெதுவாக விரிந்தன, சாய்ந்தன, சேர்ந்தன. அந்தப் பக்கம் பென்சில் தானாக நகர்ந்தது. கட்டெறும்பு அளவு இருந்த கையெழுத்து, டிபன் பாக்ஸ் அளவுக்குத் தாளில் எழுந்து நின்றது.

“ஐயையோ, கையெழுத்தையே காப்பியடிக்குதே!” என்று குமாஸ்தா கத்தினார்.

கோயில் கதவிலிருந்து தப்பித்து, கள்ளக் கையெழுத்தில் மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். ஆபீசரோ தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “இத்தனை வருஷமா போடறேன். என் கையெழுத்து இவ்வளவு கோணலா? வீட்ல சொன்னாங்க, நான் நம்பல.” அப்புறம் கருவியைத் தன் விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அது விரிந்தது. அவர் முகமும் விரிந்தது. “அட! பேண்டோகிராஃப்! காலேஜ்ல சர்வே கிளாஸ்ல ஒண்ணு மரத்துல இருந்துச்சு. பேண்டோகிராஃப்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னிக்கே போயிருக்குமேம்மா.”

எவ்வளவு சின்ன வார்த்தை. காஞ்சிபுரம் சர்வே ஆபீசில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து நில்சன் பி.டி.ஓ.வுக்கு எழுதினார். அப்பாவின் கருவியை இவ்வளவு பத்திரமாகத் துணி சுற்றி அனுப்பிய பெண்ணுக்கு நன்றி என்று. அக்காவுக்கு அதற்குப் பிறகுதான் நிரந்தர ஆர்டர் வந்தது. டிராஃப்ட்ஸ்மேன் ஆகி ரிடயர் ஆனார். கோடு கடைசி வரை ஆடவில்லை.

எனக்குக் கிடைத்தது என்னவென்றால், என் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஊரில் ‘கேட்டு இன்ஸ்டிட்யூட்’ என்று பேர் விழுந்துவிட்டது. கேட்டே கிடையாது, பலகைக் கதவுதான். வாலாஜாபாத்திலிருந்து சேர வந்த பெண்கள் கேட்டைத் தேடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள். அப்படி ஒருத்தி, “கேட்டு எங்கங்க?” என்று என்னையே கேட்டாள். அவளைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் மகளுக்குப் பேர் வைக்க இரண்டு பக்கத்து ஆட்களும் மாறி மாறிச் சண்டை போட்டபோது, மாமனார், “மோர்ப் பானை எட்தாரட்டா?” என்றார். அதிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டில் எதற்கு முடிவு எடுக்க முடியாவிட்டாலும், இட்லியா தோசையா என்பதில் ஆரம்பித்து, யாராவது ஒருத்தர் எழுந்து பானையைத் தேடுகிற மாதிரி சமையலறைப் பக்கம் போவார்கள். நான் எதையாவது தெரிந்த மாதிரி பேச ஆரம்பித்தால் பேரப்பிள்ளை கூட, “தாத்தா, பானை சொல்லுச்சா?” என்கிறான்.

சொல்லிச் சொல்லிக் கதையில் பானையும் பாயும் பெரிசாகிக்கொண்டே போகிறார்கள். இப்போது பாய் அந்தச் சீட்டைத் தகரத்தில் வெட்டிப் போட்டதாகக்கூடச் சொல்கிறார்கள். ஆனால் யாரும் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

அன்றைக்குக் கஸ்டம்ஸ் ஆபீசர், ‘கேட்’ என்றிருந்த பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, “புதுசா எழுதிக் குடுங்க” என்று ஒரு ஃபாரத்தை மேசையில் வைத்தார். பழக்கதோஷம், என் கை முந்திக்கொண்டு போய்விட்டது. பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டார். “நீ குந்து தம்பி,” என்றார். அப்போதுதான் நான் முதல்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா ஃபாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து, “எழுத்து எழுத்தா சொல்லுங்க சார்,” என்று ஆபீசரிடம் கேட்டார். மேப்பில் ஊர்ப்பேர் எழுதுகிற அதே நிமிர்ந்த பெரிய எழுத்தில், அவர் சொல்லச் சொல்லப் பொருளின் பேரை எழுதினார். அனுப்புபவர் என்ற இடத்தில் தன் முழுப் பேரை எழுதி, அதற்குக் கீழே ‘டிரேசர்’ என்று போட்டார். மை காய மெதுவாக ஊதினார். அப்புறம் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று, தன் கையாலேயே ஆபீசரிடம் கொடுத்தார்.